பொது நிறம்

எமிலியானாவுக்கு இறைவன் வைத்த நிறம் ஒன்று. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், வியா மக்வேதா என்ற தெருவில், நிழற்படக் கூடம் நடத்திய தொத்தோ வைத்த நிறம் இன்னொன்று. முன்னது நல்ல கறுப்பு. மழைக்கு முந்திய வானம்போல ஒளியை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும் கறுப்பு. பின்னது பாலில் இரண்டு துளி தேயிலைச் சாயம் விழுந்தாற்போன்ற வெளுப்பு. இவ்விரண்டுக்கும் நடுவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டு யூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஓர் அரசாங்கமே வந்து நின்றது. அந்த வழக்கில் வென்றது யார் என்பதுதான் இவ்வரலாறு.

தொத்தோவின்மேல் குற்றமில்லை. இலங்கைத் தமிழர்கள் முதன்முதலாக அவன் கூடத்துக்கு வந்த காலத்தில் அவன் உள்ளதை உள்ளபடியே எடுத்துக் கொடுத்தான். வாங்கிப் பார்த்தவர்கள் முகம் சுளித்து, "இது நானில்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். பத்துப் பேர் அவ்வாறு சொன்னபின், தமிழர் தம் முகத்தை அறியாத ஒரு குலத்தார் என்று தெளிந்த அவன், அன்றுமுதல் கேளாமலே வெளுக்கத் தொடங்கினான். ஊர்காவற்றுறை, மன்னார், நாரந்தனை என்று எந்த ஊரில் பிறந்தவரானாலும் அவனுடைய இருட்டறையில் மறுபிறவி எடுத்து, அந்தி வெயில் பட்ட சிசிலியராக வெளியே வந்தார்கள். எமிலியானாவின் படத்தை எடுத்த அன்று அவன் தன் கலையின் உச்சத்தில் இருந்தான்போலும். அவளோடு ஒரேத்தோத் தெருவில் ஒரே வீட்டில் குடியிருந்த பெண்களே படத்தைப் பார்த்து, "இது ஆர்?" என்று கேட்டார்கள்.

அப்படம் கலியாணப் பேச்சுக்காக எடுக்கப்பட்டது. கார்முகில் நிறத்துக் கடவுளரைக் கசிந்துருகிப் பாடிய மொழிதான் நம்முடையது. ஆயினும் மணமகள் தேவை என்று எழுதும்போது மட்டும் அதற்கு முகில் பிடிப்பதில்லை. வெள்ளை வேண்டும், கிட்டாவிட்டால் பொது நிறமாவது வேண்டும். பொது நிறம் என்பது எந்த நிறம் என்று எவரும் விளக்கியதில்லை. கறுப்பு என்று எழுதக் கைகூசும் இடத்தில் எல்லாம் அது எழுதப்படும். அந்தப் படத்தைப் பார்த்து மூவர் சம்மதித்தார்கள். ஆளைப் பார்த்ததும் மூவரும் கிரகநிலை சரியில்லை என்று எழுதினார்கள். மூவரும் கத்தோலிக்கர். கத்தோலிக்கருக்குக் கிரகம் எங்கிருந்து வந்தது என்று எமிலியானா ஒருவரையும் கேட்கவில்லை. எஞ்சிய பிரதிகளை வேதாகமத்துக்குள் செருகிவிட்டு வேலைக்குப் போனாள்.

பலெர்மோவில் அவளுடைய நிறத்தை ஒளிப்பார் எவரும் இல்லை. பல்லரோச் சந்தையில் மீன்காரன் அவளைத் 'துருக்கிச்சி' என்று கூவி அழைப்பான். கறுத்தவர் எவராயினும் துருக்கர் என்பது அந்நகரத்துப் பழைய வழக்கு. பகை ஒன்றுமில்லை, நல்ல மீனைத்தான் கொடுப்பான். அவள் ஒன்பது ஆண்டு வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா, விருந்தினர் முன்னிலையில் அவள் தோளைத் தட்டி, "எங்கள் எமிலியானா வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை" என்று பாராட்டுவார். அந்நகரத்தின் காவலரான புனிதர்களுள் ஒருவர் கறுத்த துறவி. அவருடைய திருவுருவத்தின் முன் மண்டியிட்டு எழுந்த கையோடு, பேருந்தில் அவருடைய நிறத்தவள் பக்கத்தில் வந்து நின்றால் பெண்கள் கைப்பையை மறுதோளுக்கு மாற்றுவார்கள். புனிதருக்கு இந்தச் சங்கடம் நேராததற்குக் காரணம் அவர் பேருந்தில் போவதில்லை என்பதே.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கலியாணம் என்ற கதவு ஓசையின்றிச் சாத்திக்கொண்டது. அந்த நிலையில்தான் தம்பி கொன்ஸ்ரன்ரைன் கோப்பன்ஹேகனிலிருந்து ரெலிபோன் எடுத்தான். தாய் இறந்தபோது அவனுக்கு நான்கு வயது. தோளில் போட்டு வளர்த்தவள் எமிலியானாதான். டென்மார்க்குக்கு அகதியாகப் போய் அங்கே றெஜினாவை மணந்து, ஐந்து ஆண்டு காத்திருந்து பெற்ற முதற் பிள்ளை பெண்.

"அக்கா, நீதான் ஞானத்தாய். வேற ஒருத்தரையும் நான் யோசிக்கேல்லை" என்றான்.

எமிலியானா ரெலிபோனைக் காதில் வைத்தபடியே அழுதாள். ஞானத்தாய் என்றால் இறைவன் முன்னிலையில் இரண்டாம் தாய். 'ஞானம்மா' என்று தன்னை அழைக்க உலகத்தில் ஓர் உயிர் இருக்கும். பெற்று அடையக் கூடாததைத் திருமுழுக்கினால் அடையலாம்.

அப்போது தம்பிக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரலும் கேட்டது. அது றெஜினாவின் தாய் பிலோமினா மாமி.

"ஞானத்தாயின்ரை சாயல் பிள்ளையிலை படியுமெண்டு சொல்லுறவை. பெட்டைப் பிள்ளை வேற. எங்கடை மாக்கிரட் இஞ்சைதானே இருக்கிறாள்? நான் ஆரையும் குறையாச் சொல்லேல்லை."

மாக்கிரட் மாமியின் தமக்கை மகள். மாம்பழ நிறம். அதே நகரத்தில் பத்து நிமிட நடையில் இருந்தாள். தம்பி அவசரமாகக் குறுக்கிட்டு, "அதை விடு அக்கா. நீ வெள்ளிக்கிழமை வந்து இறங்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை. நீ வராட்டில்தான் மாக்கிரட்" என்றான்.

வராமல் இருப்பதாவது! கடவுச்சீட்டு முடிந்து போயிருந்தது. அதைத் தபாலில் அனுப்பிப் புதுப்பிக்க வேண்டும். விசாவுக்கும் படம் வேண்டும். வேதாகமத்தைத் திறந்தாள். தொத்தோவின் படங்கள் மங்காமல் இருந்தன. புதிதாக எடுக்க நாளில்லை. எடுத்தாலும் தொத்தோதானே எடுப்பான். கடவுச்சீட்டு அந்தப் படத்தோடு ஊருக்கு ஊர் சென்று, முத்திரை மேல் முத்திரை வாங்கி, அவள் கையில் வந்து சேர்ந்தது. வழியில் அதைப் பார்த்த எவரும் அவளைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்த எவரும் அதைப் பார்க்கவில்லை.

இரண்டையும் ஒருங்கே பார்த்த முதல் மனிதர், கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருந்த ஓர் இளம் பெண் அதிகாரி. பொன்னிறத் தலைமயிரைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தாள். படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு மிகுந்த மரியாதையோடு, தன்னோடு உள்ளே வரும்படி எமிலியானாவைக் கேட்டுக்கொண்டாள். ஒன்பது ஆண்டுப் பலெர்மோ வாழ்வில் எந்தப் பொலிஸ்காரரும் அவளுக்கு அத்தனை மரியாதை செய்ததில்லை. அதனாலேயே அவளுக்கு ஐயம் பிறந்தது.

ஓர் அறை, ஒரு மேசை, கேளாமலே வந்த காப்பி. மொழிபெயர்ப்புக்காக ஒரு தமிழரை அழைத்திருந்தார்கள். ஒரு மணிநேரத்தில் கழுத்துப்பட்டியோடு வந்து சேர்ந்த அவர் பெயர் கிறிகோரி. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். சொற்களுக்கு உடை உடுத்தாமல் வெளியே அனுப்பாதவர்.

"தங்கச்சி, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. படத்திலை கொஞ்சம் வெளிச்சம் கூடிப்போச்சோ எண்டு கேக்கிறா."

"வெளிச்சம் கூடேல்லை அண்ணை. படம் எடுத்தவன் வெளுப்பாக்கிப் போட்டான். நான் கறுப்பு. அப்பிடியே சொல்லுங்கோ."

கிறிகோரி தொண்டையைச் செருமிக்கொண்டு நெடுநேரம் டெனிஷ் மொழியில் பேசினார். எமிலியானாவுக்கு அம்மொழி தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும்.

"அண்ணை, நான் ஒரு சொல்லுத்தான் சொன்னனான். நீங்கள் இருபது சொல்லுச் சொல்லுறியள்."

"பொது நிறம் எண்டதை அவைக்கு விளங்கப்படுத்த வேணுமெல்லே?"

"நான் எங்கை பொது நிறம் எண்டனான்?"

"ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் பற்றி நான் எப்பிடி வாய் கூசாமல் அப்பிடிச் சொல்லுறது?" என்றார் கிறிகோரி. அவர் உண்மையாகவே வருந்தினார். இருபது ஆண்டு அரசாங்கக் கடிதம் எழுதிய கை அது. உள்ளதை அப்படியே சொல்வது நாகரிகமன்று என்று பழகியிருந்தது.

வெளியே பூங்கொத்தோடு காத்திருந்த கொன்ஸ்ரன்ரைனை அடுத்த அறைக்கு அழைத்துக் கேட்டார்கள்: உமது தமக்கை எப்படி இருப்பார்? உயரம் சொன்னான், சரி. இடது புருவத்தருகே தழும்பு சொன்னான், சரி. நிறம்? அங்கேதான் அந்த அன்புள்ள மூடனுக்குக் குலப்பெருமை நினைவுக்கு வந்தது. அந்நிய அரசாங்கத்தின் ஏட்டில் அக்காவைக் கறுப்பி என்று எழுதிவைப்பதா? "வெளிர் மண்ணிறம். எங்கள் ஆட்களில் பொதுவான நிறம்" என்றான்.

அதிகாரி இருவர் சொன்னதையும் எழுதிய தாள்களைக் கடவுச்சீட்டின் அருகே வைத்துப் பார்த்தாள். கடவுச்சீட்டு வெளுப்பு என்கிறது. உடன்பிறந்தான் வெளுப்பு என்கிறான். மொழிபெயர்ப்பாளரும் அவ்வாறே சொல்கிறார். மூன்று சான்றுகள் ஒத்து நிற்க, எதிரே காப்பிக் குவளையோடு அமர்ந்திருக்கும் முகம் ஒன்றுதான் மாறுபடுகிறது. இன்னொருவருடைய கடவுச்சீட்டில் நாடு கடப்பது நம்மவர் அறியாத வித்தையன்று. அதிகாரிகள் அதை அறிவார்கள் என்பதையும் நம்மவர் அறிவார்கள். முடிவு எளிது. எமிலியானா என்று ஒருத்தி உண்டு, இவள் அவளல்லள்.

கிறிகோரி குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, நாளைக்குக் காலமை விமானத்திலை உங்களைத் திருப்பி அனுப்பப் போயினமாம். மிகவும் மனம் வருந்துறதாச் சொல்லச் சொன்னவா."

எமிலியானாவின் கண்முன் ஞாயிற்றுக்கிழமைக் கோவில் தோன்றியது. மாக்கிரட்டின் மாம்பழக் கைகளில் குழந்தை. மாமியின் முகத்தில் நிறைவு. திரும்பப் போய் ஒரேத்தோவில் அந்தப் பெண்களுக்கு என்னவென்று சொல்வது? என் முகம் என்னுடையது இல்லையென்று எழுதிவிட்டார்கள் என்றா?

"ஒரு தாளும் பேனையும் தரச் சொல்லுங்கோ" என்றாள். "சின்னனிலை என்ரை தம்பி என்னை என்னெண்டு பட்டப்பேர் தெளிச்சவன் எண்டு நான் எழுதித் தாறன். அவனைப் போய்க் கேக்கட்டும். இரண்டும் ஒண்டா இருந்தால் நான் நான்தானே?"

எழுதி மடித்துக் கொடுத்தாள். விரித்துப் பார்த்த கிறிகோரியின் காதுகள் சிவந்தன; மொழிபெயர்க்காமலே மடித்து அதிகாரியிடம் கொடுத்தார். போனார்; ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"அவர் சொல்லுறாரில்லை. அக்கா எண்டு மட்டும்தான் கூப்பிட்டவராம். வேற பேரே இல்லையாம்."

"பாருங்கோவன் நாயை! பத்து வரியம் ஊரே கேக்கக் கத்தினவன், இப்ப மரியாதை பழகியிட்டான்." எமிலியானா எழுந்தாள். "என்னை ஒருக்கால் அவனோடை கதைக்க விடச் சொல்லுங்கோ. நான் பேரைச் சொல்லமாட்டன்."

அதிகாரி இசைந்தாள். தம்பி வாடிய பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்தான். ஒன்பது ஆண்டுக்குப்பின் முதற் சந்திப்பு.

"டேய். நீ மரியாதை பாத்தியெண்டால் நான் விடியப் பிளேன் ஏறிப் போறன். உன்ரை பிள்ளையை மாக்கிரட் தூக்குவாள். நல்ல வடிவா இருக்கும் படத்திலை. போகட்டே?"

"அக்கா... இவையளுக்கு முன்னாலை..."

"இவையளுக்கு முன்னாலைதான். மாங்காய்க்குக் கல்லெறிஞ்சு என்ரை புருவத்தைக் கிழிச்சிட்டு, ஓடேக்கை என்னெண்டு கத்தினனி?"

அவன் பூங்கொத்தைக் கீழே வைத்தான். "அண்டங்காகம்" என்றான். பிறகு அழுதான்.

"டெனிசிலை சொல்லு."

சொன்னான். அதிகாரி மடித்த தாளை விரித்துக் கிறிகோரியிடம் நீட்டினாள். கிறிகோரி வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சொல்லுக்கு ஒரு சொல் மொழிபெயர்த்தார்.

அறையில் இருந்தவர்களில் சிரிக்காதவள் அந்த அதிகாரி ஒருத்திதான். அவள் ஒரு படிவத்தை எடுத்து, கடவுச்சீட்டுப் படம் செயற்கையாக வெளுக்கப்பட்டதென்றும், இதை உடையவரின் தோல் நிறம் கறுப்பு என்றும் அழகிய கையெழுத்தில் எழுதினாள். கிறிகோரி குனிந்து, "மண்ணிறம் எண்டு போடச் சொல்லட்டே? பிறகு மாத்தேலாது தங்கச்சி" என்றார்.

"போட்டபடி கிடக்கட்டும்" என்று எமிலியானா கையெழுத்திட்டாள். முத்திரை விழுந்தது. மங்கையர் நிறத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை எத்தனையோ. டெனிஷில் எழுதிய அந்தப் படிவம்போல் இத்தனை குறைந்த சொற்களில் உண்மை சொன்னது அவற்றுள் ஒன்றுமில்லை.

மறுநாள் தம்பி அவளுக்கு நகரம் காட்டினான். அவளை எவரும் கூவி அழைக்கவில்லை. எவரும் உற்றுப் பார்க்கவில்லை. கைப்பைகள் தோள் மாறவில்லை. பேருந்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கையை மட்டும் எல்லாரும் நாகரிகமாக வெறுமையாக விட்டு, நின்றுகொண்டு வந்தார்கள். பலெர்மோவில் ஒரு நாளில் நூறு பேர் அவளைப் பார்த்துக் களைப்படையச் செய்வார்கள். இங்கே ஒருவரும் பாராமையால் களைப்பாக இருந்தது.

பூங்கா ஒன்றில் அவள் நடையை நிறுத்திவிட்டாள். புல்வெளியெங்கும் ஆணும் பெண்ணுமாக அரைகுறை ஆடையில் எண்ணெய் பூசி, வெயிலைப் பார்த்துக் கிடந்தார்கள்.

"என்ன தம்பி, இவையளுக்கு ஏதும் வருத்தமோ?"

"கறுக்கிறதுக்குக் கிடக்கினம் அக்கா. கோடை முழுக்க இப்பிடித்தான். கொஞ்சமும் கறுக்காட்டிக் கவலைப்படுவினம்."

எமிலியானா புல்வெளியையும், அதன் ஓரத்தில் குழந்தையின் வண்டியைத் தள்ளிக்கொண்டு கறுத்துவிடாதபடி குடை பிடித்து வந்த பிலோமினா மாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். வெள்ளையர் கருமைக்குத் தவம் கிடக்கிறார்கள். கறுப்பர் வெண்மைக்கு விரதம் இருக்கிறார்கள். இரண்டு வேண்டுதலும் ஒரே நேரத்தில் மேலே போய்ச் சேரும்போது இறைவன் எந்தச் செவியில் எதைக் கேட்பார் என்று எண்ணினாள். அருகே கிடந்த மூதாட்டி ஒருத்தி கண் திறந்து எமிலியானாவின் கையைப் பார்த்து, ஏதோ சொல்லிப் பெருமூச்சுவிட்டாள்.

"இந்த நிறம் வர எந்த நாட்டுக்குப் போய் வந்தனீ எண்டு கேக்கிறா" என்றான் தம்பி.

"ஊர்காவற்றுறை எண்டு சொல்லு" என்றாள் எமிலியானா.

மாமி அன்று முழுவதும் இனிக்க இனிக்கப் பேசினார். அது நல்ல அறிகுறியன்று. வெள்ளிக்கிழமை எமிலியானாவைத் தடுத்து வைத்த செய்தி வந்தவுடனே, மாமி கோவிலுக்கு ரெலிபோன் எடுத்து மாக்கிரட்டின் பெயரைக் கொடுத்துவிட்டிருந்தார். இதைத் தம்பி சனி மாலையில்தான் அறிந்தான். "நாளைக்குப் பாப்பம்" என்றான். பார்ப்போம் என்று அவன் சொன்னால் பார்க்கமாட்டான் என்பது வளர்த்தவளுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை, திருமுழுக்குத் தொட்டியருகே மாக்கிரட் பட்டுடுத்திக் குழந்தையை ஏந்தி நின்றாள். எமிலியானா தன் பங்குக் குரு கொடுத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். முதிய டெனிஷ் குரு இருவரையும் பார்த்து, ஞானத்தாய் யார் என்றார். திருச்சபைச் சட்டப்படி ஒருத்திக்குத்தான் இடம்.

மாக்கிரட் பாவம், நிலத்தைப் பார்த்தாள். தம்பி சப்பாத்தைப் பார்த்தான். முன்வரிசையில் ஒரு பெண், "கறுத்த அவ ஆர்?" என்று மெல்லக் கேட்டாள். மாமி திரும்பி, சபைக்கே கேட்கும் இரகசியக் குரலில் விடை சொன்னார்:

"மருமகன்ரை அக்கா. இத்தாலியிலை வெயிலுக்கை நிண்டு வேலைசெய்து கறுத்துப்போனா. இயல்பிலை பொது நிறம்தான்."

எமிலியானா தலையைத் திருப்பினாள்.

"இல்லை மாமி. பிறக்கேக்கையே கறுப்பு. டென்மார்க் அரசாங்கத்திலை கையெழுத்து வைச்சுப் பதிஞ்சு கிடக்கு. இனி நீங்கள் நினைச்சாலும் மாத்தேலாது."

முதலில் சிரித்தது றெஜினா. தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினாள், பொத்தியும் அடங்கவில்லை. அந்தச் சிரிப்பு தம்பியைத் தொற்றியது. சிரித்தபடியே அவன் குருவிடம் போய், தன் தமக்கைதான் ஞானத்தாய் என்றும், முந்திய ரெலிபோன் பிழையாக வந்ததென்றும் சொன்னான். மாக்கிரட் குழந்தையைக் கொண்டுவந்து எமிலியானாவின் கைகளில் வைத்து, "நல்லதாப் போச்சு அக்கா, கை உளைஞ்சு போச்சு" என்றாள்.

இரண்டு மாதக் குழந்தை கண் திறந்து அவளைப் பார்த்தது. என்ன நிறம் கொள்வதென்று இன்னும் தீர்மானிக்காத முகம். குரு நூலைத் திறந்து, இக்குழந்தைக்காகத் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்றார். கேள்வி புரியும் முன்னே எமிலியானா, "திருமுழுக்கு" என்று தமிழில் விடை சொல்லிவிட்டாள். அக்கோவிலில் அத்தனை உரக்க எவரும் அவ்விடையைச் சொன்னதில்லைபோலும். குரு நூலிலிருந்து தலை நிமிர்ந்து ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு நீரை அள்ளினார்.